பழைய 12ஏ சான்றிதழை நம்பி இருந்தவர்கள், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

திண்டுக்கல் பக்கம், மாலை வகுப்பு நடத்தும் அறக்கட்டளை

எங்களுடையது சின்ன அறக்கட்டளை. அறுபது பிள்ளைகள், மூன்று டீச்சர்கள், ஓடு போட்ட ஒரு கட்டடம். தொடங்கியவர் என் மாமனார். அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் பதிவுதான் 12ஏ. 2006-ல் வாங்கிய அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தார். அதில் முடியும் தேதி என்று ஒன்று கிடையாது. ஒருமுறை வாங்கினால் ரத்தாகும் வரை செல்லும், அப்போதைய நடைமுறை அதுதான்.

2020 நிதிச் சட்டம் அதை மாற்றிவிட்டது. பழைய பதிவு வைத்திருந்த எல்லோரும் 2021 ஏப்ரலுக்குப் பிறகு படிவம் 10ஏ போட்டு, 12ஏபி என்ற புதிய பிரிவில் ஐந்து ஆண்டுப் பதிவு வாங்க வேண்டும். கொரோனாக் காலம் அது. வகுப்பே நடக்கவில்லை, மாமனார் படுத்த படுக்கை. வருமான வரி போர்ட்டலில் எங்கள் பெயரில் இருந்த மின்னஞ்சலோ, தொழிலை விட்டுப் போய்விட்ட ஒரு ஆடிட்டருடையது. கடைசித் தேதியை 2022 மார்ச், அப்புறம் நவம்பர் 25 என்று தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்தத் தேதிகளில் ஒன்றுகூடத் தெரியாது.

2023 தொடக்கத்தில் ஒரு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதியில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் தர முன்வந்தது. அந்த நிதியைப் பெறத் தேவையான சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் கேட்டார்கள். அதை வாங்கப் போனபோதுதான் எங்கள் 12ஏ செல்லாது என்பதே தெரிந்தது. அவசரத்தில், தெரிந்த ஒருவர் சொன்னதைக் கேட்டு, புதிதாகத் தொடங்கிய அறக்கட்டளை போல விண்ணப்பித்து மூன்று ஆண்டுத் தற்காலிகப் பதிவு வாங்கினோம். வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தோம்.

அது எவ்வளவு பெரிய தப்பு என்று புது ஆடிட்டர்தான் சொன்னார். 2023 நிதிச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. மறுபதிவுக்குக் குறித்த காலத்தில் விண்ணப்பிக்காத அறக்கட்டளை, வரிவிலக்குத் தகுதியையே விட்டு வெளியேறியதாகக் கருதப்படும். அப்படி ஆனால் அதன் சொத்துகளின் சந்தை மதிப்பில் கடனைக் கழித்து, மீதிக்கு உச்ச விகிதத்தில் வரி. கையில் வந்த வருமானத்துக்கு இல்லை, இருக்கிற சொத்துக்கு! எங்களிடம் இருப்பது எட்டு சென்ட் நிலம். மாமனார் வாங்கும்போது காடு, இன்று பக்கத்திலேயே பைபாஸ். வரி போட்டால் அந்த நிலத்தை விற்றுத்தான் கட்ட வேண்டும். அன்று இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

எங்களைக் காப்பாற்றியது மத்திய நேரடி வரிகள் வாரியம் 2024 ஏப்ரல் 25-ல் வெளியிட்ட சுற்றறிக்கை எண் 7. காலக்கெடுவைத் தவறவிட்டுப் புதிய நிறுவனமாக விண்ணப்பித்துத் தற்காலிகப் பதிவு வாங்கியவர்கள், அதைத் திருப்பி ஒப்படைத்துவிட்டு, பழைய நிறுவனமாகவே ஜூன் 30-க்குள் விண்ணப்பிக்கலாம் என்று அதில் இருந்தது. எங்கள் கதையை யாரோ பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது போல வரிக்கு வரி இருந்தது. இதற்கென்று தனியாக ஒரு பத்தி எழுத வேண்டி வந்தது என்றால், எங்களைப் போல எத்தனை பேர் விழுந்திருப்பார்கள்! பதிவு வந்துவிட்டது. ஆனால் அதுவும் 2026 மார்ச் வரைக்கும்தான் என்பதால் 2025 செப்டம்பருக்குள் படிவம் 10ஏபி-யில் மறுபடி விண்ணப்பித்தோம்.

கணக்குக் கேட்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஊரார் காசு, கேட்கத்தான் வேண்டும். ஆனால் மோசடி செய்தவருக்கும் தேதி தெரியாமல் போனவருக்கும் ஒரே தண்டனை என்பது நியாயமே இல்லை.

ராமநாதபுரம் மாவட்டம், பெண்கள் சங்கம்

நீங்கள் தப்பித்ததில் சந்தோஷம். எங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

கடலோரத்தில் மீன் கம்பெனி வேலைக்குப் போகும் அம்மாக்களின் குழந்தைகளுக்காக நான்கு மையம் நடத்தினோம். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப் பதிவு எங்களுக்கும் இருந்தது. ஆனால் வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுதிப் பணம் கேட்கும் ஆள்பலம் இல்லை. அதனால் சென்னையில் உள்ள ஒரு பெரிய தொண்டு நிறுவனம் வாங்கி எங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். பதிவுபெற்ற ஒரு நிறுவனம் இன்னொரு பதிவுபெற்ற நிறுவனத்துக்குக் கொடுப்பதைச் சட்டமும் அனுமதித்தது. 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் அந்தச் சட்டத்தின் 7-வது பிரிவை மாற்றி, வெளிநாட்டு நன்கொடையை வேறு யாருக்கும் கைமாற்றவே கூடாது என்று ஆக்கிவிட்டது. மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்து பத்து நாளுக்குள் சட்டம். பெரிய நிறுவனத்தின் அக்கா போன் செய்து, "இந்த மாதத்தில் இருந்து அனுப்ப முடியாதும்மா" என்று அழுதார். நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

அப்புறம் டெல்லிக் கணக்கு. வெளிநாட்டுப் பணம் எந்த ஊர் சங்கத்துக்கு வந்தாலும் முதலில் நாடாளுமன்ற வீதியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் விழ வேண்டும். அங்கிருந்து உள்ளூர்க் கணக்குக்கு மாற்றிச் செலவு செய்யலாம். டெல்லிக்கு நேரில் போக வேண்டாம், பக்கத்துக் கிளையிலேயே காகிதம் கொடுக்கலாம் என்றார்கள். ஆனால் அங்கு இருந்தவர்களுக்கே அது புதுசு. ஏழு முறை போனேன். நிர்வாகச் செலவின் வரம்பையும் 50 சதவீதத்தில் இருந்து 20 ஆக்கினார்கள். ஆசிரியர், மருத்துவர் சம்பளம் இதில் சேராது. ஆனால் கணக்கு எழுதும் பெண்ணின் சம்பளம் சேரும். விதிகளைக் கூட்டிவிட்டு, அந்த விதிகளுக்காக வேலை பார்ப்பவரின் சம்பளத்தைக் குறைக்கச் சொன்னால் எப்படி?

உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சங்க நிர்வாகிகள் அடையாளத்துக்கு ஆதாருக்குப் பதில் இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டலாம் என்ற அளவில்தான் தளர்வு. தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் நான்கு மையங்களில் இன்று நடப்பது ஒன்றுதான். அதுவும் ஊர்க்காசில்.

மதுரை, முதியோர் இல்லம்

எங்களுக்கு வெளிநாட்டுப் பணம் எதுவும் இல்லை, நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு தரும் 80ஜி பதிவு மட்டும்தான். எங்கள் தலைவலி படிவம் 10பிடி.

முன்பு ரசீதுப் புத்தகம் போதும். 2021-22 நிதியாண்டில் இருந்து, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரத்தைப் பான் அல்லது வேறு அடையாள எண்ணோடு மே 31-க்குள் இந்தப் படிவத்தில் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். அதில் இருந்து வரும் 10பிஇ சான்றிதழ்தான் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 200 ரூபாய். எங்களுக்கு ஒரு வருஷம் 40 நாள் தாமதமாகி 8,000 கட்டினோம். இல்லத்தின் இரண்டு வார அரிசி அது.

பிறந்த நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போட வருபவரிடம் பான் எண் கேட்டால் முகம் மாறுகிறது. இன்னொன்றும் கவனித்தேன். புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு 80ஜி கழிவே கிடையாது. மார்ச் கடைசியில் வரிக்காகவே கொடுத்துவந்த சம்பளக்காரர்களில் பாதிப் பேர் இப்போது வருவதில்லை.

நல்லது ஒன்று சொல்கிறேன். முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் வருமானம் 5 கோடிக்கு மிகாத நிறுவனங்களுக்கு, 2025 ஏப்ரலுக்குப் பிறகு விண்ணப்பித்தால் 12ஏபி பதிவு பத்து ஆண்டுக்குக் கிடைக்கும். நம் மூவருக்கும் பொருந்தும். 80ஜி-யை அதில் சேர்க்கவில்லை, அது தனியாக ஐந்து ஆண்டுதான். இரண்டு தேதியையும் தனித்தனியாகக் குறித்துவையுங்கள்.

திண்டுக்கல், மீண்டும்

நன்றி. எங்கள் ஆடிட்டரும் பத்து ஆண்டு என்றுதான் சொன்னார். 80ஜி தேதி தனி என்பதை இன்றே அவரிடம் கேட்டுவிடுகிறேன்.

ராமநாதபுரம் அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு மாமியாரிடம் பேசினேன். எங்களுக்கு வருவது முழுக்க உள்ளூர்ப் பணம். அதை இன்னொரு பதிவுபெற்ற அறக்கட்டளைக்குக் கொடுக்கத் தடை இல்லை. 2023 திருத்தப்படி, கொடுப்பதில் 85 சதவீதத்தைத்தான் நாங்கள் செலவுக் கணக்கில் காட்ட முடியும். பரவாயில்லை, எங்கள் வரவு செலவில் அது சமாளிக்கக்கூடியதுதான். பெரிய தொகை இல்லை. ஒரு மையத்தின் பால் செலவுக்கு ஆகும். உங்கள் 12ஏபி ஆணையின் நகலையும் சங்கத்தின் பைலாவையும் தனிச் செய்தியில் அனுப்புங்கள், இந்த மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடலாம்.