முதல் பாயிண்டர் குட்டி, நானே பழக்குறேன் - துப்பாக்கி சத்தம் எப்ப அறிமுகப்படுத்தணும்?

மினசோட்டா_தம்பி:
வணக்கம் மக்களே, வீட்ல ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர் (பறவை வாடை பட்டா அசையாம நின்னு காட்டிக் குடுக்குற வேட்டை நாய்) குட்டி இருக்கு, பொட்டைக்குட்டி, அஞ்சு மாசம். அக்டோபர்ல ஃபெசன்ட் (கோழி மாதிரி ஒரு காட்டுப் பறவை) வேட்டை சீசனுக்கு கூட்டிட்டு போகணும்னு ரொம்ப ஆசை, ட்ரெய்னர்கிட்ட விடாம நானே பழக்குறேன். பின்கட்டுல கூப்பிட்டா பறந்து வர்றா, ஆனா உயரமான புல்லுக்குள்ள விட்டா மூக்கு தரைக்கு போனதுமே நான் கத்துறது காதுல ஏறல. கூட வேலை பாக்குற ஒருத்தர் ஷூட்டிங் ரேஞ்சுல வண்டி பக்கத்துல கட்டிப் போடு, சத்தம் தானா பழகிடும்ங்கிறார், சரியா? அப்புறம் தூண்டில் குச்சில புறா இறக்கையை கட்டி ஆட்டுனா ஆடாம அசையாம நிக்கிறா, தினமும் இதையே செய்யலாமா?

டகோட்டா காத்து:
தம்பி, ரேஞ்சுக்கு மட்டும் கூட்டிட்டு போயிடாதீங்க, கெஞ்சி கேக்குறேன். கட்டிப் போட்ட குட்டிக்கு சத்தம் எங்கேருந்து வருது எதுக்கு வருதுன்னு எதுவும் தெரியாது, ஓடவும் முடியாது, பயம் உள்ள இறங்கிடும். வெடிக்கு பயப்படுற நாய் பெரும்பாலும் மனுஷன் கெடுத்ததுதான், மீட்டெடுக்க மாசக்கணக்காகும், சிலது மீளவே மீளாது. ஜூலை 4 சுதந்திர தின வாணவேடிக்கைக்கும் வீட்டுக்குள்ளயே வெச்சிருங்க.

மொதல்ல பறவை, அப்புறம்தான் சத்தம். புறா எழும்பி அவ வெறியா துரத்திட்டு ஓடுறப்ப, 100 கஜம் தள்ளி நிக்கிற ஒருத்தர் ப்ளாங்க் பிஸ்டல்ல (குண்டு இல்லாம சத்தம் மட்டும் வர்றது) ஒரே ஒரு தடவை சுடணும். கண்டுக்காம ஓடுனான்னா அடுத்த தடவை கொஞ்சம் கிட்ட வரலாம். ஓட்டத்தை நிறுத்திட்டு உங்களை திரும்பிப் பாத்தாலோ வால் தாழ்ந்தாலோ அன்னைக்கு அதோட விட்ருங்க, மறுபடி தூரத்துலேருந்து, பறவை மேல ஆசையை இன்னும் ஏத்திட்டு ஆரம்பிங்க. இப்படி படிப்படியா 20 கேஜ் துப்பாக்கி, கடைசியாதான் அதைவிட பெரிய 12 கேஜ்.

இறக்கை வேடிக்கையை நாலஞ்சு தடவையோட மூட்டை கட்டிருங்க. அது கண்ணால பாத்து நிக்கிறது. நம்மூர் கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் கண்ணால பாத்து துரத்துற சாதி, இவளுக்கு பொழப்பே மூக்குலதான். புறாவை புல்லுல மறைச்சு வெச்சு காத்து குறுக்க அடிக்கிற பக்கமா நடத்திட்டு வாங்க, வாடை பட்ட நொடில ஓட்டம் அப்படியே உறைஞ்சு கழுத்து சடக்குன்னு திரும்பும், வால் விறைக்கும், தூக்குன முன்னங்கால் கீழ வராது. அதை ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா இறக்கையை தேடவே மாட்டீங்க.

புல்வெளி அக்கா:
மேல சொன்னது அத்தனையும் சரி. கூப்பிட்டா வர்றதுக்கு 30 அடி செக் கார்டு (நீளமான பயிற்சிக் கயிறு) போடுங்க, கயிறு உங்க கைக்கு எட்டாதப்ப கூப்பிடவே கூடாது. பத்து தடவை கத்துனா பத்தாவது தடவை வந்தா போதும்னு அவளே முடிவு பண்ணிடுவா, அதனால ஒரே தடவை கூப்பிட்டு, வரலைன்னா கயித்தால மெதுவா இழுத்து, வந்ததும் கொஞ்சுங்க. ஈ-காலர் (ரிமோட்ல லேசா ஷாக் குடுக்குற கழுத்துப்பட்டை) எல்லாம் சொல்லு நல்லா புரிஞ்ச பிறகுதான், அதுவும் குறைஞ்ச அளவுல. பண்ணைக் காடை வாங்காதீங்க, சரியா பறக்காது, குட்டி ஒண்ணை பிடிச்சிட்டா அப்புறம் நிக்காம பாய ஆரம்பிச்சிரும். புறாதான் நல்லது. லாஞ்சர்ல (ரிமோட்டை அமுக்குனா திறந்து பறவையை வெளிய விடுற பெட்டி) வெச்சு, அவ பாய்ஞ்சா உடனே பறக்க விடுங்க, பிடிக்க முடியாதுன்னு அவளே கத்துக்குவா. ஆனா மூஞ்சிக்கு நேரா லாஞ்சர் வெடிச்சு திறந்தா அதுக்கே மிரண்டு போயிரும், தள்ளி நிக்கிறப்பவே அமுக்குங்க.

மினசோட்டா_தம்பி:
ரொம்ப நன்றிங்க அண்ணா, அக்கா. புறாவும் லாஞ்சரும் வாங்குறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது நேர்ல பாக்க முடியுமா?

டகோட்டா காத்து:
நவ்டா (NAVHDA, வேட்டை நாய் பழக்குறவங்க சங்கம்) கிளை எது பக்கம்னு பாருங்க, 1969லேருந்து இருக்கிற அமைப்பு, பயிற்சி நாள்ல பறவையோட வந்து சொல்லித் தருவாங்க. அவங்க நேச்சுரல் எபிலிட்டி டெஸ்ட் 16 மாசம் வரைக்கும் உள்ள குட்டிங்களுக்கு, மூக்கு, தேடுறது, பாயிண்ட், தடம் பிடிக்கிறது, தண்ணி எல்லாம் பாப்பாங்க. வசந்தத்துல பறவை கூடு கட்டுற சமயம் பொது நிலத்துல நாய் பழக்க பல மாநிலத்துல தடை இருக்கு, விதிமுறை புத்தகத்தை பாத்துட்டு இறக்குங்க. ஆகஸ்ட்ல விடியக்காலைல மட்டும், தண்ணி கையோட கொண்டு போங்க, பச்சைப் பாசி படர்ந்த குளத்துல வாயே வைக்க விடாதீங்க, சில பாசி விஷம், நாய் செத்துரும்.

அக்டோபர்ல நீங்க ஒருத்தர், அவ ஒருத்தி, போதும், கூட்டத்தோட போகாதீங்க. ஃபெசன்ட்ல சேவல் மட்டும்தான் சுடலாம்ங்கிறது தெரிஞ்சிருக்கும், அதுலயும் அவ பாயிண்ட் பண்ணி நின்னதை மட்டும் சுடுங்க, விரட்டி எழுப்பி விட்டது எவ்வளவு கிட்ட பறந்தாலும் விட்ருங்க. வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்கு, காது ரெண்டையும் தடவிப் பாருங்க, புல்லு முள்ளு உள்ள ஏறுனா வெட்கிட்டதான் போகணும்.