ஐசொலேஷன்: 'தனிமைப்படுத்தல்' வேண்டாம், 'மின்பிரிப்பு' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்வேலையில் 'ஐசொலேஷன்' என்பதற்கு, அதாவது வேலை நடக்கும் பகுதியை மின்சாரத்திலிருந்து பிரித்து வைப்பதற்கு, தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சில் இதுவரை தனிமைப்படுத்தல், மின்தடை, மின்துண்டிப்பு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. முதல் சொல்லை 2020-லேயே நோய்த்தொற்று எடுத்துக்கொண்டுவிட்டது. மின்தடை ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது: கரண்ட் போனாலும் அதுதான், இயற்பியலில் ரெசிஸ்டன்ஸும் அதுதான். மின்துண்டிப்பு பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கலைச்சொல் தப்பாக அமைந்தால் ஆளுக்கே ஆபத்து என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தை அறுப்பது பிரேக்கரின் வேலை. அதற்குள் எழும் மின்பொறியை அணைக்க ஏற்பாடு இருக்கிறது. ஐசொலேஷனுக்கான சுவிட்சுகளான ஐசொலேட்டர்கள் பலவற்றில் அது கிடையாது. லோடு ஓடும்போது அவற்றைத் திறக்கவே கூடாது. முதலில் பிரேக்கர், அப்புறம்தான் ஐசொலேட்டர். இப்படிப்பட்ட கருவிக்குத் 'துண்டிப்பான்' என்று பெயர் வைத்தால், இதை வைத்து அறுக்கலாம் என்று பெயரே சொல்லிக்கொடுத்துவிடும்.

நான் முன்வைப்பது: ஐசொலேஷன் மின்பிரிப்பு, ஐசொலேட்டர் பிரிப்பான். கருவி செய்வதும் அதுதான். தொடுமுனைகளைப் போதிய இடைவெளி விட்டுப் பிரித்து, அந்த இடைவெளி தானாக மூடாதபடி வைக்கிறது. குறைகடத்திச் (செமிகண்டக்டர்) சுவிட்சுகளை இந்த வேலைக்கு ஏற்காததும் இதனால்தான். அவை அணைந்திருந்தாலும் உள்ளே பிரிவு இல்லை.

சொல்லோடு வரையறையும் போக வேண்டும். 'மெயினை ஆஃப் பண்ணியாச்சு' என்றால் எல்லாம் செத்துவிட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மெயின் சுவிட்சைத் திறந்து பாருங்கள்: கைப்பிடி ஆஃபில் இருந்தாலும், மீட்டரிலிருந்து வரும் வயர்கள் மாட்டிய முனைகளில் மின்சாரம் அப்படியே நிற்கும். அந்தச் சுவிட்சையே மாற்ற வேண்டுமானால் அதற்கும் முன்னால் பிரிக்க வேண்டும். அங்கே இருப்பது பெரும்பாலும் மின்வாரியமோ விநியோக நிறுவனமோ முத்திரையிட்ட ஃபியூஸும் மீட்டரும்தான். அந்த முத்திரையை உடைக்க எலக்ட்ரீஷியனுக்குப் பொதுவாக உரிமை கிடையாது. அவர்கள் ஆளோ அவர்கள் அனுமதி பெற்றவரோதான் செய்ய வேண்டும். ஆகவே விநியோகப் பிரிப்பு, நுகர்வோர் பிரிப்பு என்று இரண்டாகவே வைத்துக்கொள்ளலாம். யார் கை வைக்கலாம் என்பது பெயரிலேயே தெரியும்.

வரையறைக்கு என் வரைவு: 'வேலை நடக்கும் பகுதியை அதற்கு மின்சாரம் தரும் எல்லா வழிகளிலிருந்தும் பிரித்து, திரும்ப இணைக்க முடியாதபடி பூட்டி, மின்சாரம் இல்லை என்று சோதித்து உறுதிசெய்தல்.' 'எல்லா வழிகளும்' என்பதை யாரும் வெட்டிவிட வேண்டாம். இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், கூரை சோலார் எதுவும் பின்பக்கமாக மின்சாரம் அனுப்பக்கூடும். பூட்டின் சாவி வேலை செய்பவர் பையில் இருக்க வேண்டும். எச்சரிக்கை அட்டை பூட்டோடு சேர்ந்துதான், பூட்டுக்குப் பதிலாக அல்ல.

கடைசிப் படிக்கு இன்மைச் சோதனை என்று தனிப்பெயரே கொடுக்கலாம். லைன் டெஸ்டர் விளக்கு எரியவில்லை என்பதை நம்பி வயரைத் தொடக்கூடாது. விளக்கு பழுதாகியிருக்கலாம், நிற்கும் பலகை மின்காப்பாக இருக்கலாம். இருமுனை வோல்டேஜ் டெஸ்டரை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சோதிக்க வேண்டும். மூன்று ஃபேஸ் என்றால் ஃபேஸ்களுக்கு இடையிலும். முடித்ததும் மறுபடி அந்தப் பழைய இடத்தில் ஒருமுறை. நடுவில் டெஸ்டர் செத்திருந்தால் இந்தக் கடைசிச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

'மின்பிரிப்பு' மின்பகுப்போடு குழம்பும் என்று வேதியியல் நண்பர்கள் சொல்லக்கூடும். இரண்டும் ஒரே பக்கத்தில் வர வாய்ப்பு குறைவு என்பது என் எண்ணம். களத்தில் வேலை செய்பவர்கள் இதைவிட நல்ல சொல் வைத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.