கவரேஜ் முழுக்கோடு, ஆனால் வகுப்பு ஓடவில்லை

மஸ்கெலியாவிலிருந்து:
2021இல் தங்கச்சி உயர்தரம் படித்தாள். பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததால் எல்லாம் சூம் வகுப்புதான். எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் நின்றால் எதிர்மலை டவர் நேராகத் தெரியும். போனில் கவரேஜ் முழுக்கோடும் இருக்கும். ஆனாலும் இரவு ஏழு மணி வகுப்பில் பாடம் எடுக்கும் சேரின் முகம் அப்படியே உறைந்துவிடும். பிள்ளை அழுதுவிடுவாள். போன்தான் பழுது என்று நினைத்து, அம்மாவின் சீட்டுக்காசில் புதுசு வாங்கினோம். அதிலும் அதே கதை.

ஹட்டனில் போன் திருத்தும் தம்பி ஒருவர், "அண்ணே, விடியக்காலை ஐந்து மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் வேகத்தை அளந்து பாருங்க" என்றார். விடியலில் 16 எம்பிபிஎஸ். ஏழு மணிக்கு 0.8!

அப்புறம்தான் விளங்கியது. கோடு காட்டுவது டவரின் அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதை மட்டும். பேண்ட்வித், அதாவது ஒரு நொடியில் எவ்வளவு தரவு போகலாம் என்பது, வேறு விஷயம். லயத்துக்கு ஒரே தண்ணீர்ப் பீலி இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விடியலில் ஒரு குடம் சட்டென்று நிறையும். மலையிலிருந்து எல்லோரும் இறங்கி வந்தபிறகு அதே தண்ணீரைப் பத்துக் குடத்துக்குப் பங்குபோட வேண்டும். சாதாரண 4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையில் ஏட்டளவில் 150 எம்பிபிஎஸ் வரை போகும். அதுவும் அந்தப் பக்கத்துப் போன்கள் அத்தனைக்கும் சேர்த்து.

இன்னொன்று, எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 16 என்றால் நொடிக்கு 2 மெகாபைட். 500 மெகாபைட் பாடம் விடியலில் நாலு நிமிஷத்தில் இறங்கும். இரவில் ஒன்றரை மணிநேரத்துக்குக் கிட்ட ஆகும். சேரிடம் நிலைமையைச் சொன்னோம். வகுப்பைப் பதிவு செய்து அனுப்பினார், அந்த மனுசனை மறக்கமாட்டோம். தங்கச்சி விடியலில் இறக்கிவைத்துப் படித்தாள்.

லிந்துலையிலிருந்து:
தம்பி, எனக்கு வேறு மாதிரி. கொழும்பில் வேலை செய்யும் மகனை நான் பார்ப்பேன், அவனுக்கு என் முகம் வராது. இறங்கும் வேகம் இருக்கிறது, ஏறும் வேகம் இல்லை என்றான். டவர் பெரிய வலுவோடு அனுப்புகிறது. போன் அனுப்புவது அதிகபட்சம் 0.2 வாட் அளவில்தானாம். எங்கள் லயம் பள்ளத்துக்குள், மேலே தகரம் வேறு. அந்தச் சின்ன வலு டவருக்குப் போய்ச்சேர வேண்டுமே! இப்போது உள்வீட்டில் பேசுவதில்லை. டவர் பக்கம் பார்த்தபடி இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து பேசுகிறேன். "அம்மா, தெரியிறீங்க" என்கிறான்.