சூடான எஞ்சினை அணைத்தால் இருபது நிமிடம் கிளம்ப மறுக்கிறது: கார்புரேட்டர் மாருதி 800

கேள்வி: செங்கல்பட்டு_800

1992 மாடல், 796 சிசி, மூன்று சிலிண்டர், பாயின்ட் வகை டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்புவது). காலையில் சோக் இழுத்தால் ஒரே செல்ஃபில் பிடிக்கிறது. முக்கால் மணி நேரம் ஓடியபின் அணைத்து, பத்து நிமிடம் கழித்துத் திரும்ப அடித்தால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. பானட்டைத் திறந்து வைத்து 20, 25 நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பிவிடும். அணைத்த உடனே, ஒரு நிமிடத்துக்குள் அடித்தால் பிரச்சினை இல்லை.

டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதில்லை, ஃபேன் ஓடுகிறது. பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், எஞ்சின் பக்கத்து பெட்ரோல் ஹோஸ்கள் புதியவை. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் எதையெல்லாம் சோதிக்கலாம்?

---

பாயின்ட்_கேப்

கார்புரேட்டரை இப்போதைக்குத் தொடாதீங்க. சூட்டில் வரும் கோளாறைச் சூட்டில்தான் பிடிக்கணும். வண்டி ஆறினபிறகு ஷெட்டுக்குக் கொண்டுபோனா அங்கே எல்லாம் சரியாத்தான் இருக்கும், அப்புறம் ஒவ்வொரு பார்ட்டா மாத்திக்கிட்டே இருப்பாங்க. ஒரு பழைய பிளக், பிளக் ஸ்பேனர், மல்டிமீட்டர், புதுக் கண்டன்சர் (பாயின்ட்டில் பொறி பறக்காம தடுக்கிற சின்ன பார்ட்) ஒண்ணு, எல்லாத்தையும் டிக்கியில் போட்டு வைங்க. அடுத்த தடவை கிளம்பாம நிற்கும்போது முதல் ரெண்டு நிமிஷத்துக்குள்ள இதைப் பாருங்க.

முதல்ல ஸ்பார்க். ஒரு பிளக் வயரைக் கழற்றிப் பழைய பிளக்கில் மாட்டி, அதோட இரும்பு உடம்பை எஞ்சின் மேல் அழுத்தி வைச்சு, இன்னொருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. வயரைக் கையில் பிடிக்காதீங்க, பெட்ரோல் கசிவு எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது. நீல நிறத்துல, டிக் டிக்னு சத்தத்தோட வந்தா இக்னிஷனை விட்டுடலாம். மஞ்சளா, மெலிசா, விட்டு விட்டு வந்தா சந்தேகம் கண்டன்சர் மேலேயும், பிளக்குக்கு உயர் வோல்ட் தர்ற காயில் மேலேயும்தான்.

கண்டன்சர் சூட்டில் உள்ளுக்குள்ள கரண்ட் லீக் ஆகும், ஆறினா சரியாயிடும். 0.22 லிருந்து 0.25 மைக்ரோஃபாரட் வரை இருக்கணும். அளக்க மீட்டர் இல்லேன்னா புதுசு ஒண்ணை மாட்டிப் பாருங்க, விலையும் அதிகமில்ல. செல்ஃப் அடிக்கும்போது பாயின்ட்டுக்கு (டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள காயில் கரண்டைத் திறந்து மூடுற சுவிட்ச்) நடுவில் பெரிசாத் தீப்பொறி பறந்தா அதுவும் கண்டன்சரைத்தான் காட்டுது. பாயின்ட் கேப் 0.4 முதல் 0.5 மி.மீ., பிளக் கேப் 0.7 முதல் 0.8 மி.மீ. பாயின்ட்டோட ஃபைபர் ஹீல் தேய்ஞ்சா கேப் குறைஞ்சு டைமிங்கும் (ஸ்பார்க் வர்ற நேரம்) பின்னாடி போயிடும். அதனால கேப் வைச்ச பிறகுதான் டைமிங் பார்க்கணும். வரிசையை மாத்தினா, கேப் வைக்கும்போது டைமிங் மறுபடி தப்பாயிடும்.

காயிலுக்கு, ஆறினப்பவும் சூட்டிலும் ரெண்டு தடவை ஓம் எடுங்க. நடு டெர்மினலுக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவில் சில ஆயிரம் ஓம் காட்டும். ஆறினப்ப ஓம் காட்டுற காயில் சூட்டில் ஓபன் ஆனா (மீட்டர் எதுவும் காட்டாம போனா) அதுதான் திருடன்.

---

நீடில்_வால்வ்

மேலே சொன்னது சரி. ஆனால் "ஒரு நிமிடத்தில் அடித்தால் பிடிக்கிறது, பத்து நிமிடத்தில் பிடிக்கவில்லை" என்கிற விவரம் பெட்ரோல் பக்கம் கை காட்டுகிறது. எஞ்சினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், மேனிஃபோல்டின் (எஞ்சினோடு பொருந்தும் காற்று, புகைக் குழாய்த் தொகுதி) சூடு மேலே ஏறி கார்புரேட்டரைச் சுடும். உச்சச் சூடு வருவதே அணைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான். பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரி வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும்.

இதில் எதிரெதிரான இரண்டு கோளாறுகள் உண்டு. குழாயிலும் பம்பிலும் ஆவி சேர்ந்து பம்ப் உறிஞ்ச முடியாமல் போவது ஒன்று. அப்போது கார்புரேட்டர் வறண்டிருக்கும். மற்றது, ஃப்ளோட் அறையில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் அறை) கொதித்த பெட்ரோல் மெயின் நாசில் வழியாக மேனிஃபோல்டுக்குள் சொட்டி ஓவர்ஃப்ளோ ஆவது. இரண்டையும் "ஏர் லாக்" என்று சொல்லி ஈரத்துணி போடுகிறார்கள். முதலாவதற்கு அது உதவும். இரண்டாவதில் சொட்டிய பெட்ரோல் ஆவியாகிப் போகும்வரை ஈரத்துணியால் பயனில்லை.

பிரித்தறிவது எளிது. இக்னிஷன் ஆஃபில், ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்து, ஆக்ஸிலரேட்டர் லிங்கைக் கையால் ஒரு முறை திறக்கவும். பெட்ரோல் பீய்ச்சி அடித்தால் அறையில் பெட்ரோல் இருக்கிறது. வரவில்லை என்றால் வறட்சி. உள்சுவர் நனைந்து நெடி அடித்தால் ஓவர்ஃப்ளோ. முகத்தை மேலே வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டாம்.

ஓவர்ஃப்ளோ என்றால் பெடலை அடிவரை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, விடாமல் 7, 8 விநாடி செல்ஃப் அடிக்கவும். சோக் கூடாது. பெடலைப் பம்ப் பண்ணினால் ஒவ்வொரு அழுத்துக்கும் இன்னும் பெட்ரோல் பீய்ச்சும், நிலைமை மோசமாகும். பிடிக்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டாருக்கு அரை நிமிடம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி.

---

ஃபீலர்கேஜ்_தாத்தா

டேப்பட்டை (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை) யாரும் சொல்லவில்லையே. கேப் இல்லாமல் இறுகிக் கிடந்தால் சூட்டில் வால்வு முழுசாக உட்காராது, கம்ப்ரஷன் விழும். அடையாளம்: டேப்பட் சத்தமே கேட்காது, எஞ்சின் "ரொம்ப அமைதியாக" ஓடும், சூட்டில் ஐடில் ஆடும். அமைதியை நம்பாதீர்கள்.

ஆறிய எஞ்சினில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.15 மி.மீ. வைக்கலாம். பிளக்குகளைக் கழற்றி, டாப் கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர் ஒன்றாம் நம்பர் வயருக்கு நேராக வரும்போது முதல் சிலிண்டரின் இரண்டு வால்வுகளையும் செட் செய்யவும். ஃபயரிங் ஆர்டர் 1-3-2 என்பதால் ரோட்டர் அடுத்து மூன்றாம் சிலிண்டருக்கும் பிறகு இரண்டாவதற்கும் வரும், ஒவ்வொன்றுக்கும் கிராங்க் 240 டிகிரி சுற்ற வேண்டும். நான்கு சிலிண்டர் வண்டியில் பழகிய கை அரைச் சுற்றில் நிறுத்திவிடும், இங்கே தப்பு நடப்பது அதனால்தான். லாக் நட்டை இறுக்கியபின் ஃபீலரை மறுபடி விட்டுப் பார்க்கவும், இறுக்கும்போது ஸ்குரூ கூடவே திரும்பும்.

---

செங்கல்பட்டு_800

நன்றி. சூட்டில் நிற்கும்போது பார்த்தாயிற்று. ஸ்பார்க் நீலம், மூன்று வயரிலும். லிங்கைத் திறந்தால் பெட்ரோல் பீய்ச்சுகிறது, உள்சுவர் ஈரம். பெடலை அடிவரை அழுத்திப் பிடித்தால் ஆறு விநாடியில் கரும்புகையோடு கிளம்புகிறது. ஓவர்ஃப்ளோதான். கொதிப்பைக் குறைக்க என்ன வழி?

---

நீடில்_வால்வ்

கார்புரேட்டரை மாற்றத் தேவை இருக்காது. கீழே சொல்வதை இதே வரிசையில் பாருங்கள்.

ரிட்டர்ன் லைன் முதலில். இந்த வண்டியின் மெக்கானிக்கல் பம்புக்கு மூன்று குழாய்கள்: டாங்கிலிருந்து வருவது, கார்புரேட்டருக்குப் போவது, டாங்குக்குத் திரும்புவது. திரும்பும் குழாய் அடைத்தாலோ மடங்கினாலோ மிச்ச அழுத்தம் முழுவதும் நீடில் வால்வை (ஃப்ளோட் அறைக்குள் பெட்ரோல் வரும் வழியை மூடித் திறக்கும் ஊசி) நெட்டும். ஹோஸ் மாற்றியிருக்கிறீர்கள் என்பதால்தான் கேட்கிறேன்: கிளிப்புக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, இடம் மாறிப் பொருத்தியிருக்கிறதா? டாங்க் மூடியைத் திறந்து வைத்து, ரிட்டர்ன் குழாயைப் பம்பிலிருந்து கழற்றி சைக்கிள் பம்பால் மெல்லக் காற்று விட்டால் டாங்கில் குமிழிச் சத்தம் கேட்க வேண்டும்.

அடுத்தது கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் உள்ள தடித்த இன்சுலேட்டர். யாராவது அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் பேப்பர் கேஸ்கெட் போட்டிருந்தால் சூடு நேராக ஏறும். பம்புக்கு அடியிலும் ஒரு ஸ்பேசர் உண்டு. அதைத் தடிமனாக்கினால் பம்ப் லீவரின் வீச்சு குறையும், அளவு மாற்றக் கூடாது.

பிறகு ஃப்ளோட் லெவல். சமதரையில் நிறுத்தி, ஐடிலில் விட்டு, ஃப்ளோட் அறையின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். பெட்ரோல் மட்டம் நடுக்குறியில் நிற்க வேண்டும். மேலே இருந்தால் நீடில் வால்வு தேய்ந்திருக்கிறது, அல்லது ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்திருக்கிறது. ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் தளும்பும் சத்தம் கேட்கும். நீடிலையும் சீட்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பழைய சீட்டில் பள்ளம் விழுந்திருந்தால் புது நீடிலும் கசியும்.

---

பாயின்ட்_கேப்

ஒரு விஷயம் சேர்த்துக்கறேன். இப்போ பங்க்ல வர்றது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதுல ஊறி உப்பும், உள்சுவர் உரிஞ்சு துகளா வந்து நீடில் சீட்டில் உட்காரும். எஞ்சின் பக்கம் மட்டும் ஹோஸ் மாத்தினா போதாது, டாங்க் மேலே இருக்கிற சின்னத் துண்டுகளையும் மாத்தணும். கேட்கும்போது எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 குறி இருக்கிற ஹோஸா கேளுங்க.

பம்ப் டயஃப்ரமுக்கும் இதே கதிதான். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாசனை அடிச்சாலோ ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ வண்டியை ஓட்டாதீங்க. பம்பையும் ஆயிலையும் ஃபில்டரையும் ஒண்ணா மாத்தினபிறகுதான் செல்ஃப் அடிக்கணும், இல்லேன்னா அந்த நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்னுடும்.