நாப்பது தாண்டின அம்மாமாருக்கு எழுத்தும் போனும் சொல்லிக் குடுக்கிறது: எங்கயிருந்து தொடங்கலாம்?

வன்னித் தங்கச்சி:
வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் எங்கட ஊர் சனசமூக நிலையத்தில ஞாயிறு பின்னேரம் 11 பேருக்கு வகுப்பு எடுக்கிறன், எல்லாரும் 40க்கு மேல, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து 3ஆம் 4ஆம் வகுப்போட படிப்பு நிண்டு போனவை, 2009க்குப் பிறகு தனியக் குடும்பம் நடத்திறவை. அ, ஆ எண்டு தொடங்கினன், மூண்டாம் கிழமை 5 பேர்தான் வந்தவை. ஒரு அக்கா சொன்னா "பிள்ளை, உது பேரன் படிக்கிறது, எனக்கு லோன் கொப்பி வாசிக்கக் காட்டித் தா" எண்டு. அண்டைக்கு நித்திரையே வரேல்ல. எல்லாரிட்டையும் ஸ்மார்ட் போன் இருக்கு, ஆனா கோல் எடுக்க மட்டும்தான். என்ன செய்யலாம்?

பழைய ரீச்சர்:
அந்த அக்கா கேட்டதுதான் பாடம் பிள்ளை. முதல்ல அடையாள அட்டையைக் கொண்டு வரச் சொல்லுங்கோ. பழைய அட்டையில முதல் 2 இலக்கம் பிறந்த வருசம், அடுத்த 3 இலக்கம் அந்த வருசத்தில எத்தனையாம் நாள் எண்டது, பொம்பிளையளுக்கு அதில 500 கூட்டியிருக்கும். 532 எண்டால் 32ஆம் நாள், பெப்ரவரி 1. புது 12 இலக்க அட்டையில வருசம் 4 இலக்கமும் முழுசா இருக்கும். நான் இதைச் சொல்லிக் குடுத்த அண்டைக்கு ஒரு அம்மா விரலால ஒவ்வொரு இலக்கமாத் தொட்டு எண்ணி முடிச்சிட்டு பக்கத்தில இருந்தவான்ர அட்டையையும் வாங்கி வாசிச்சா. பேர், ஊர், அட்டை நம்பர் மூண்டும் எழுத வந்தால் கைநாட்டு வைக்கத் தேவையில்லை. பேந்து லோன் கொப்பி. திகதி, தவணை, வட்டி, மிச்சம், இந்த 4 சொல்லும் தெரிஞ்சாலே கிழமைக் கடன் தவணைக் காசு சேர்க்க வாறவர் என்ன எழுதிறார் எண்டு தாங்களே பாப்பினம்.

நெத்தலியாறு:
ரீச்சர் சொன்னது சரி. போனில வட்ஸ்அப் வொய்ஸ் மெசேஜில தொடங்குங்கோ, அதுக்கு எழுத்து தேவையில்லை, பயம் போயிடும். அதுக்குப் பிறகு கீபோட்டில தமிழைப் போட்டு மைக்கை அமத்திக் கதைக்கச் சொல்லுங்கோ, தான் சொன்ன சொல்லு எழுத்தா விழேக்க அதை வாசிக்கிறது லேசு. எங்கட பேச்சு சிலநேரம் பிழையா விழும், அதைத் திருத்திறதும் படிப்புத்தான். மெசேஜில வாற ஓடிபி நம்பரை ஆர் கேட்டாலும் சொல்லக்கூடாது எண்டு முதல் நாளே சொல்லுங்கோ.
ஒண்டு மட்டும், "குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கோ" எண்டு பயிற்சி குடுக்காதேங்கோ. நான் அப்பிடிக் குடுத்தனான். ஒரு அம்மா காணாமல் ஆக்கப்பட்ட மகன்ர பேரை மைக்கில சொன்னா, ஸ்கிரீனில பேர் வந்திட்டுது, அதுக்கு மேல வகுப்பு நடக்கேல்ல. அவையாச் சொன்னால் கேளுங்கோ, நாங்கள் கேக்கக் கூடாது.

வன்னித் தங்கச்சி:
ரெண்டு பேருக்கும் நன்றி. வாற ஞாயிறு அட்டையும் லோன் கொப்பியும் கொண்டு வரச் சொல்லுறன். வராமல் விட்ட 6 பேரின்ர வீட்டுக்கும் போகப் போறன்.

பழைய ரீச்சர்:
போகேக்க கண் தெரியுதோ எண்டும் கேளுங்கோ பிள்ளை. அந்த வயசில வெள்ளெழுத்து இருக்கும், எழுத்து மங்கலாத் தெரியுது எண்டு சொல்ல வெக்கப்பட்டு நிண்டவையும் இருப்பினம்.