தாய்லாந்தில் முதியோருக்குச் செய்யும் நடைச் சோதனை நம் ஆயாவுக்குப் பொருந்துமா?

கானாடுகாத்தான் பேத்தி:
என் ஆயாவுக்கு 78 வயது. முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை நாளெல்லாம் நடமாடுகிறவர். சில மாதங்களாக நிலைப்படியைத் தாண்டும்போது கதவைப் பிடித்துக்கொள்கிறார். கேட்டால் ‘ஒன்றுமில்லை, போ’ என்கிறார். பாங்காக்கில் இருக்கும் அத்தை ஒரு சோதனையைச் சொன்னார். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழுந்துவிடும் ஆபத்து இருப்பதாகக் கொள்வார்களாம். ஆயாவோ சாப்பிடுவது, காய் அரிவது, பேசுவது எல்லாம் தரையில் உட்கார்ந்துதான். நாற்காலியை வைத்து அவரை அளப்பது சரியா?

தேவகோட்டை பிசியோதெரபிஸ்ட்:
சரிதான் அம்மா, ஆனால் அது மட்டும் போதாது. தாய்லாந்து முதியவர்களும் வீட்டிலும் கோவிலிலும் தரையில் உட்கார்ந்து எழுந்து வாழ்ந்தவர்கள்தான். அதனால் உங்கள் கேள்வி அங்கேயும் எழக்கூடியதே.

முதலில் நடை. வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் 4 மீட்டர் அளந்து சாக்பீஸால் கோடு போடுங்கள். கோட்டுக்குச் சற்று முன்பே நடக்கத் தொடங்கி, முடிவுக் கோட்டைத் தாண்டியும் நடக்கட்டும். வழக்கமான வேகம் போதும். இரண்டு கோடுகளுக்கும் இடையே 4 விநாடிக்கு மேல் ஆனால் வேகம் விநாடிக்கு 1 மீட்டருக்குக் கீழே என்று பொருள். தசை இழப்பு பற்றி ஆசிய மருத்துவர்கள் குழு 2019இல் வகுத்த எல்லை அதுதான். அடுத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். அதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அதே குழுவின் கணக்கில் கவனிக்க வேண்டிய நிலை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். ஊஞ்சலும் உயரமான திண்ணையும் வேண்டாம். இருக்கையின் உயரம் மாறினால் கணக்கே மாறிவிடும்.

தரைக்கும் ஓர் அளவு உண்டு. பிரேசிலில் உருவான சோதனை அது: உட்கார 5, எழ 5, ஆக மொத்தம் 10 மதிப்பெண். கையோ முழங்காலோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒன்று குறையும், தள்ளாடினால் அரை குறையும். ஆயாவுக்கு மதிப்பெண்ணைவிட, எந்தக் கையை ஊன்றுகிறார், தூணைத் தேடுகிறாரா என்பதைப் பாருங்கள். எல்லாச் சோதனையிலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும். தலைசுற்றல் இருக்கும் நாளில் வேண்டவே வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரமாக இருந்தால் காய்ந்த பிறகுதான்.

புதுவயல்காரன்:
எங்கள் அப்பத்தா கடைசிவரை கோவிலுக்கு நடந்தே போனார். யாரும் கடிகாரம் பிடிக்கவில்லை. வயதானவர்களைப் பரீட்சைக்கு நிறுத்துவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

தேவகோட்டை பிசியோதெரபிஸ்ட்:
அண்ணே, உங்கள் அப்பத்தா கொடுத்துவைத்தவர். ஆனால் இடுப்பெலும்பு முறிந்து வருகிற ஆச்சிகளின் வீட்டார் என்னிடம் சொல்வது, ‘நேற்றுவரை நன்றாகத்தான் நடந்தார்கள்’ என்பதே. அவர்கள் பொய் சொல்லவில்லை. கால் தளரத் தளர, கை தூணையும் சுவரையும் பிடித்துச் சமாளித்துக்கொள்கிறது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரிவதில்லை. விநாடிக் கணக்கு அதைக் காட்டிக்கொடுக்கும். தொடையில் வலு குறைந்தது இப்போதே தெரிந்தால் பயிற்சியால் மீட்க வழி உண்டு. விழுந்த பிறகு மீட்பது எவ்வளவு பாடு என்று தினமும் பார்க்கிறேன்.

கானாடுகாத்தான் பேத்தி:
நன்றி அண்ணே. இன்று காலை அளந்தோம். 4 மீட்டருக்கு 5 விநாடி. நாற்காலியில் ஐந்து முறைக்கு 15. தரையிலிருந்து எழும்போது வலக்கையை ஊன்றி, ஒரு முழங்காலையும் ஊன்றினார். ‘தாய்லாந்துக் கிழவிக்கு எத்தனை?’ என்று மட்டும் கேட்டார்.

தேவகோட்டை பிசியோதெரபிஸ்ட்:
நடை விநாடிக்கு 0.8 மீட்டர். இரண்டுமே எல்லையைத் தாண்டியிருக்கின்றன, ஆனால் பயப்பட வேண்டாம். முதலில் மருத்துவரிடம் காட்டி ரத்த அழுத்த மாத்திரை, கண்பார்வை, வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்றதும், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையே தினப் பயிற்சியாக்குங்கள். முதலில் கைப்பிடி இருக்கட்டும். அந்த நிலைப்படிக்கு அருகில் சுவரில் ஒரு பிடியும் வைத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே நாற்காலி, அதே கோடு, அதே காலை நேரம் வைத்து மறுபடி அளந்து இங்கே எழுதுங்கள்.