401 இல ஏறேக்க திணறுற பழைய கார்: புதுசா வந்த பிள்ளைகளுக்கு

ரொறொன்ரோவுக்குப் புதுசா வந்து, கையில இருக்கிற மூவாயிரம் நாலாயிரம் டொலருக்கு ஒரு பழைய கார் வாங்கின பிள்ளைகள் கனபேர் ஒரே விசயத்தைத்தான் கேக்கினம். "அக்கா, கார் இழுக்குதில்லை. மார்க்கம் றோட்டில இருந்து 401 ஹைவேயில ஏறேக்க பின்னால வாற ட்றக்கைப் பாக்கப் பயமாக் கிடக்கு. கராஜில ஆயிரத்துக்கு மேல சொல்லுறாங்கள்." தனித்தனியப் பதில் எழுதாமல் எல்லாத்தையும் இஞ்சை ஒரேயடியா எழுதுறன்.

நான் முதியோரை வீடு வீடாப் போய்ப் பராமரிக்கிற வேலை செய்யிறன். காலமை மல்வேர்ண், மத்தியானம் மார்க்கம், பின்னேரம் ஏஜாக்ஸ். கார் நிண்டால் அண்டைக்குச் சம்பளம் இல்லை. என்ரை கார் 2007 ரொயோட்டா கொறொலா, 1.8 லீற்றர் எஞ்சின், 280,000 கிலோமீற்றர் கடந்திட்டுது. நாலு வருசத்துக்கு முன்னம் அதுவும் இப்பிடித்தான் திணறினது. ஒரு கராஜில, எஞ்சின் முடிஞ்சுது, கழிச்சு விடுங்கோ எண்டாங்கள். வேறை கார் வாங்க வழியில்லாதபடியால் நானே ஒவ்வொண்டாக் கழட்டிப் பாக்கத் தொடங்கினன். எல்லாமாச் செலவழிஞ்சது 200 டொலருக்கு உள்ளை. அதே கார்தான் இண்டைக்கும் ஓடுது.

பழைய எஞ்சினுக்குப் புதுசாப் பலம் சேக்கிறன் எண்டு காசைக் கொட்டாதேங்கோ. என்ரை கொறொலா கொம்பனியால வரேக்க 126 குதிரைவலு. தூசியும் துருவும் தேய்மானமும் அதில ஒரு பங்கைப் பிடிச்சு வச்சிருந்தது. அதை விடுவிக்கிறதுதான் எங்கடை வேலை.

எதையும் கழட்ட முதல் கோட், அதாவது காரின்ரை கொம்பியூட்டர் பதிஞ்சு வச்சிருக்கிற பழுது எண்ணை, வாசியுங்கோ. 1998 இல இருந்து கனடாவில வித்த கார்களில ஸ்ரியறிங்குக்குக் கீழை ஓபிடி-2 எண்ட ஒரு துளை இருக்கு. 25, 30 டொலருக்கு வாற சின்ன அடாப்டரை அதில செருகினால் போனிலயே பாக்கலாம். பி0171 எண்டால் எஞ்சினுக்குக் காத்துக் கூட, பெற்றோல் குறைய எண்டு அர்த்தம். பி0301 எண்டால் முதலாவது சிலிண்டர் சரியா எரியேல்லை. செக் எஞ்சின் லைற் விட்டு விட்டு மின்னுதெண்டால் அந்தக் காரை ஓடாதேங்கோ. எரியாத பெற்றோல் போய், புகையைச் சுத்தமாக்கிற கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சுட்டுப்போடும், அதின்ரை விலை காரின்ரை பாதி விலைக்கு வரும்.

அடுத்தது எஞ்சின் மூச்சு விடுற பாதை. ஏர் பில்ரர் பெட்டியைத் திறக்க எனக்கு ஒரு சாமானும் தேவைப்படேல்லை, இரண்டு கிளிப் மட்டும்தான். திறந்தால் உள்ளுக்கை மேப்பிள் மரத்து விதை, அந்த இறக்கை வச்ச காய், ஒரு கைப்பிடி கிடந்தது. அதுக்கு மேல சீற்றுக்குள்ளை இருக்கிற பஞ்சை இழுத்து வந்து எலி கூடு கட்டியிருந்தது. பில்ரர் கறுத்து, மடிப்பெல்லாம் ஒட்டுப்பட்டுக் கிடந்தது. மரத்துக்குக் கீழை நிப்பாட்டுற கார் எல்லாத்துக்கும் இஞ்சை இது நடக்கும். கூட்டை எடுக்கேக்க கையுறையும் முகக்கவசமும் போடுங்கோ, எலி எச்சத்தால நோய் வரும். புதுப் பில்ரர் 22 டொலர்.

இதில ஒரு தவறான நம்பிக்கை இருக்கு. பில்ரர் மாத்தினால் பெற்றோல் மிச்சம் எண்டு எல்லாரும் சொல்லுவினம். கார்பரேற்றர் இருந்த காலத்துக் கார்களுக்கு அது சரி. இப்பத்தைய எஞ்சினில காத்துக் குறைஞ்சால் கொம்பியூட்டர் பெற்றோலையும் குறைச்சு விடும், அதால செலவு கூடாது, இழுவைதான் குறையும். அமெரிக்காவின்ரை ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009 இல சோதிச்சுப் பாத்ததில, அடைபட்ட பில்ரரை மாத்தினால் கார் வேகம் எடுக்கிற நேரம் 6 முதல் 11 சதவீதம் வரை நல்லா வந்தது. 401 றாம்பில உங்களுக்குத் தேவையானது அதுதானே.

பில்ரர் பெட்டியைத் தாண்டின உடனை ஒரு சின்ன சென்சர் இருக்கும், பெயர் மாஸ் ஏர் ஃப்ளோ. உள்ளுக்கை தலைமுடி மாதிரி ஒரு கம்பி. அதைச் சூடாக்கி வச்சிருக்கிறாங்கள். போற காத்து அதை எவ்வளவு குளிராக்குது எண்டதை வச்சுத்தான் காத்தின்ரை அளவைக் கொம்பியூட்டர் கணக்குப் பண்ணுது. கம்பியில தூசிப் படை ஏறினால் கணக்குக் குறைவா வரும், பெற்றோலும் குறைவா விடும், மிதிக்கேக்க கார் ஒரு கணம் யோசிச்சிட்டுத்தான் போகும். என்ரை காரில இரண்டு ஸ்குரூ கழட்ட சென்சர் கையில வந்திட்டுது. இதுக்கெண்டே விக்கிற கிளீனர் ஸ்பிறே 15, 20 டொலர். பத்துத் தரம் அடிச்சு, நல்லாக் காயவிட்டுப் பூட்டினன். துணியோ விரலோ அந்தக் கம்பியில படக்கூடாது. பிரேக் கிளீனரும் அடிக்கக்கூடாது, சென்சர் செத்துப்போம்.

அப்பிடியே றப்பர் குழாய்களையும் நசிச்சுப் பாருங்கோ. குளிரில காய்ஞ்சு வெடிச்சிருந்தால், எஞ்சின் ஓடேக்க உஸ் எண்டு காத்து இழுக்கிற சத்தம் கேக்கும். பி0171 கனதரம் இந்த ஐந்து டொலர் குழாயாலதான் வாறது.

சிலிண்டருக்குள்ளை பெற்றோலைப் பத்த வைக்கிற ஸ்பார்க் பிளக்கை மாத்திறதுதான் புதுசா வந்தவை கூடப் பயப்பிடுற வேலை. நாலு சிலிண்டர் கொறொலா, சிவிக்கில பிளக் எல்லாம் மேலயே கிடக்கு. எஞ்சின் முழுக்க ஆறின பிறகு தொடுங்கோ, தலைப்பகுதி அலுமினியம், சூட்டோடை கழட்டினால் மரை போயிடும். 10 மில்லிமீற்றர் சாக்கெட்டால, பிளக்குக்கு மின்சாரம் குடுக்கிற கொயிலைக் கழட்டி, பிளக் குழியைச் சுத்தி இருக்கிற மண்ணை ஊதிப்போட்டு, ஒவ்வொண்டா எடுங்கோ. இரிடியம் பிளக் சுமார் 190,000 கிலோமீற்றர் வரை வரும் எண்டு கணக்கு, என்ரை காரில யாரும் மாத்தினதாத் தெரியேல்லை. 1.1 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடைவெளி கண்ணாலயே தெரியிற அளவுக்கு அகண்டிருந்தது. புதுசைக் கையால மட்டும் சுத்தி இறக்குங்கோ, லேசாப் போனால்தான் சாவியால இறுக்கிறது. முரண்டு பிடிச்சால் வெளியில எடுத்து மறுபடி தொடங்குங்கோ. நாலும் சேத்து 60 டொலர் எனக்கு முடிஞ்சது. மலிவு எண்டு இணையத்தில தெரியாத ஆக்களிட்டை வாங்காதேங்கோ, போலி கனக்கத் திரியுது.

இனி ஒருத்தரும் யோசிக்காத ஒண்டு. கார் இழுக்காததுக்கு எஞ்சின் காரணமா இருக்க வேணும் எண்டில்லை. ஒன்ராறியோவில பனிக்காலம் முழுக்க றோட்டில உப்புப் போடுறாங்கள். சில்லை இடுக்கிப் பிடிச்சு நிப்பாட்டுற பிரேக் கலிப்பர் வழுக்கி அசையிறது ஒரு சின்னக் கம்பியில, அதைப் பின் (pin) எண்டுவினம். அந்த உப்பு இந்தப் பின்னைத் துருப்பிடிக்க வச்சு இறுக்கிப்போடும். காலை எடுத்தாலும் பிரேக் முழுசா விடாது. நீங்கள் பிரேக்கைப் பிடிச்சபடி ஹைவேயில ஓடுறீங்கள், ஆனால் உங்களுக்குத் தெரியாது. பதினைஞ்சு நிமிசம், பிரேக்கை அதிகம் பாவிக்காமல் ஓடிட்டு வந்து, நாலு சில்லுக்கும் கிட்ட உள்ளங்கையைப் பிடிச்சுப் பாருங்கோ. தொடாதேங்கோ, கிட்டப் பிடிச்சாலே போதும். எனக்கு முன்பக்க வலது சில்லு அடுப்புக்குக் கிட்டப் போனமாதிரிச் சுட்டது, கருகின மணமும் வந்தது. இதை மட்டும் நான் தனியச் செய்யேல்லை, மெக்கானிக் வேலை தெரிஞ்ச ஒரு மாமா பக்கத்தில நிண்டு காட்டித் தந்தவர். பின்னைக் கழட்டித் துடைச்சு சிலிக்கோன் கிரீஸ் பூசினது, அவ்வளவுதான். அண்டைக்குப் பின்னேரம் ஏஜாக்ஸுக்குப் போகேக்க கார் தானா உருண்டு போனமாதிரி இருந்தது. பிரேக் உயிரோடை சம்பந்தப்பட்டது, நீங்களும் பழகின ஆளை வச்சே செய்யுங்கோ.

ரயர் காத்தும் அப்பிடித்தான். வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்க ஒரு பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) குறையும். ஒக்டோபரில அடிச்சதை ஜனவரியில மறுபடி பாருங்கோ. ட்ரைவர் கதவுத் தூணில ஒட்டியிருக்கிற அளவுதான் சரி, ரயரில எழுதியிருக்கிறது உச்ச அளவு.

வாங்கவே கூடாதது எண்டு சிலது இருக்கு. ஓபிடி துளையில செருகினால் பலம் கூடும் எண்டு விக்கிற சின்னப் பெட்டிக்குள்ளை மின்னுற லைற்றைத் தவிர ஒண்டுமில்லை. ஒக்டேன் 87 பெற்றோல் போதும் எண்ட காருக்கு விலை கூடின 91 அடிச்சால் பலம் வராது, அந்தக் காசுக்கு ஒயிலை நேரத்துக்கு மாத்துங்கோ. சைலன்சரை வெட்டிவிடுறது, கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் கழட்டுறது எல்லாம் ஒன்ராறியோவில சட்டவிரோதம். 2019 இல ட்ரைவ் கிளீன் எண்ட புகைச் சோதனையை நிப்பாட்டினதால இப்ப பரவாயில்லை எண்டு சில பெடியள் சொல்லுறாங்கள். சோதனைதான் நிண்டது, சட்டம் அப்பிடியே இருக்கு. எஞ்சினில ஏதும் பெரிசா மாத்தினால் இன்சூரன்சுக்கும் சொல்ல வேணும்.

கீழை வந்த கேள்விகளுக்குச் சேத்து எழுதுறன்.

சேப்ரி சேர்ட்டிபிக்கற் குடுத்துத்தானே வித்தவங்கள், பிறகேன் இழுக்குதில்லை எண்டு கேட்ட தம்பிக்கு: அந்தச் சேர்ட்டிபிக்கற் பிரேக், லைற், ஸ்ரியறிங், ரயர் போல பாதுகாப்பைப் பாக்கிறது. எஞ்சினுக்குப் பலம் இருக்கோ எண்டு அது சொல்லாது.

பனிக்காலத்தில ஹீற்றர் சூடா வருதில்லை, பெற்றோலும் குடிக்குது எண்ட தங்கச்சிக்கு: முதல் கூலன்ற் (எஞ்சினைக் குளிராக்கிற தண்ணி) அளவு சரியோ எண்டு பாருங்கோ, எஞ்சின் ஆறின பிறகுதான் மூடியைத் திறக்க வேணும். அளவு சரியெண்டால், அந்தத் தண்ணியின்ரை ஓட்டத்தைத் திறந்து மூடுற தெர்மோஸ்டாட் திறந்தபடி இறுகியிருக்கலாம். எஞ்சின் சூடேறாட்டில் கொம்பியூட்டர் பெற்றோலைக் கூட விட்டுக்கொண்டே இருக்கும். பி0128 வருதோ எண்டு பாருங்கோ. சாமான் விலை பெரிசில்லை.

பேஸ்மென்ரில இருக்கிறம், எங்கை வச்சுச் செய்யிறது எண்ட ஆக்களுக்கு: வீட்டுக்காரரிட்டை கேட்டுட்டு ட்ரைவ்வேயில செய்யுங்கோ. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில கன இடத்தில விடமாட்டாங்கள். மூடின கராஜுக்குள்ளை எஞ்சினை ஓட விடாதேங்கோ, கார்பன் மொனொக்சைட் மணமே இல்லாமல் ஆளைக் கொல்லும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழை போகாதேங்கோ, ஜாக் ஸ்ராண்ட் இரண்டு வேணும். மாத்தின ஒயிலை றோட்டுக் கானுக்குள்ளை ஊத்தினால் அது ஓடையால லேக் ஒன்ராறியோவுக்குத்தான் போகும். மூடியுள்ள போத்தலில அடைச்சு, ஸ்காபரோவில ட்ரான்ஸ்பர் பிளேசில இருக்கிற நகரசபை டிப்போவில குடுங்கோ.

கொறொலா இல்லாமல் வேறை கார் வச்சிருக்கிறவை வருசம், மொடல், கிலோமீற்றர், வந்த கோட் நாலையும் எழுதுங்கோ. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை, இருந்து பாத்துச் சொல்லுறன்.